கோட்டில் நிற்பவள்

எடின்பரோ
1791 மார்ச் 9

அன்புள்ள கிரிசல் அக்காவுக்கு,

உன் தம்பி எழுதுகிறேன். நான் சுகமாகத்தான் இருக்கிறேன். பனி இன்னும் போகாததால் கொஞ்சம் இருமல், அவ்வளவே. உன் முழங்கால் எப்படி இருக்கிறது? உன் மகள் எல்ஸ்பெத்தும் குழந்தைகளும் சுகம்தானே?

நல்ல செய்தி ஒன்று. பால்னாரிக் மாளிகையைக் கட்டும் வேலையைச் சின்னப் பிரபு என்னிடமே ஒப்படைத்துவிட்டார். அவர் அப்பா காலத்தில் பேச்சோடு நின்றுபோன வேலை. வரைபடங்கள் முடிந்துவிட்டன. முகப்பில் ஆறு தூண், மேலே முக்கோண முகடு, ரோமில் நான் ஏணி போட்டு ஏறி அளந்த கோவிலின் அதே விகிதம். ஒரு சுருள், ஒரு பூ அதிகம் கிடையாது. வாசலில் நின்று பார்த்தால் ஒரே நேர்கோடு: படிகள், புல்வெளி, ஆறு, அதற்கப்பால் கிரெய்க் மலையின் உச்சி. நடுவே கண்ணில் இடறுவது எதுவும் இருக்கக் கூடாது. இந்த வீட்டின் உயிரே அந்தக் கோடுதான்.

கோட்டில் பழைய கல்லறைத் தோட்டம் வருகிறது என்று உனக்குத் தெரியும். கவலைப்படாதே. யாரையும் தோண்டப்போவதில்லை. கற்களைப் படுக்கவைத்து மேலே புல் பதிப்பார்கள். கூரையில்லாமல் நிற்கும் தேவாலயச் சுவரை மட்டும் எடுத்துவிடுவோம். ஊரில் யாராவது முணுமுணுத்தால் நீதான் எடுத்துச் சொல்ல வேண்டும். உன் வாய்க்குத்தான் எல்லாரும் அடங்குவார்கள்.

தலைமைக் கொத்தனார் சாண்டர்ஸ் அடுத்த மாதம் அங்கே வருவார். நல்ல மனிதர், கொஞ்சம் அதிகம் சாப்பிடுவார். உன் வீட்டில் ஓர் அறை இருந்தால் கொடு.

எப்போதும் உன் நினைவாக,
ஈனியஸ் ராட்ரே

*

பால்னாரிக், ஆற்றங்கரைப் புது ஊர்
ஏப்ரல் 4

தம்பி ஆங்கஸுக்கு அக்கா கிரிசல் எழுதுவது.

உயிரோடு இருக்கிறேன். மழை வருவதற்கு முன்னால் முழங்கால் எனக்குச் சேதி சொல்லிவிடுகிறது. எல்ஸ்பெத்தின் சின்னவளுக்குப் பல் விழுந்து முளைத்தாகிவிட்டது. நீ ஒருமுறை வந்திருந்தால் தெரியும். உன் இருமலுக்குத் தேனும் விஸ்கியும் சுடவைத்துக் குடி. அந்த ஊர் வைத்தியன் தருவதைக் குடிக்காதே.

முதலில் ஒன்று. உனக்கு ஆங்கஸ் என்று பெயர் வைத்தார்கள். ரோமுக்குப் போய்வந்த பிறகு ஈனியஸ் என்று கையெழுத்துப் போடுகிறாய். அந்த ஈனியஸ் யாரென்று எனக்குத் தெரியாது. அவன் மூக்கை நான் துடைத்துவிட்டதில்லை. எனக்கு எழுதும்போது உன் பெயரைப் போட்டு எழுது.

இரண்டாவது, கல்லறைத் தோட்டம். நீ மறந்திருப்பாய், அதனால் சொல்கிறேன். கடைசியாக அடக்கமானவர் அடுத்தவர் வரும்வரை அந்தக் கல்லறைக்குக் காவல் நிற்க வேண்டும். புதிதாக ஒருவர் வந்து இறங்கினால்தான் பழையவர் போய்ப் படுக்கலாம். ஒரே நாளில் இரண்டு அடக்கம் வந்துவிட்டால் எந்த வீட்டுப் பெட்டி முதலில் வாசலைத் தாண்டுவது என்று தோளோடு தோள் இடித்துக்கொண்டு ஓடுவார்கள். பிந்திப் போனவரின் தலையில்தான் காவல் விழும். அதைப் பார்த்து நீ விழுந்து விழுந்து சிரித்து அப்பாவிடம் அடி வாங்கியிருக்கிறாய்.

அங்கே கடைசியாகப் போனது அம்மா. அவளைப் புதைத்த வாரமே பெரிய பிரபு வாசலைப் பூட்டினார், ஊரை ஆற்றைத் தாண்டித் தூக்கி வைத்தார். அதற்கப்புறம் செத்தவர்கள் எல்லாரும் இங்கே புதுக் கல்லறைக்குத்தான் வருகிறார்கள். பத்தொன்பது வருஷமாக அம்மாவை மாற்றிவிட ஆளில்லை. மழையிலும் பனியிலும் நின்றுகொண்டிருக்கிறாள். அப்போதே உனக்கு ரோமுக்கு எழுதினேன். நீ மூன்று பக்கம் பதில் எழுதினாய், மூன்று பக்கமும் தூண்களைப் பற்றி.

நான் கேட்பது ஒன்றுதான். என்னை அங்கே புதைக்கப் பிரபுவிடம் உத்தரவு வாங்கிக் கொடு. நான் போய் அம்மாவை வீட்டுக்கு அனுப்பிவிடுகிறேன். அதுவரை அந்த இடத்தின்மேல் புல் பதிக்காதே.

கொத்தனாருக்கு அறை இருக்கிறது. தின்னட்டும்.

உன் அக்கா
கிரிசல்

*

எடின்பரோ
ஜூன் 15

அன்புள்ள அக்கா,

நான் நலம், நீயும் அப்படியே இருப்பாய் என்று நம்புகிறேன். ஆங்கஸ்தான் எழுதுகிறேன், கோபிக்காதே.

போன மாதக் கடைசியில் அங்கே வந்து முளை அடித்து, நூல் பிடித்து, கோட்டைப் போட்டுவிட்டுத் திரும்பினேன். பிரபுவின் பழைய கோபுர வீட்டில் அவரோடு தங்கினேன். ஆற்றைத் தாண்டி உன் வீட்டுக்கு வர ஒரு பொழுதும் கிடைக்கவில்லை. மன்னித்துக்கொள்.

ஆனால் உன்னை நான் பார்த்தேன். மட்டம் பார்க்கும் குழலை வாசற்படி வரும் இடத்தில் நிறுத்தி மலையுச்சியை நோக்கியபோதெல்லாம், கல்லறைத் தோட்டத்தின் நடுவில், மிகச் சரியாகக் கோட்டின்மேல், பழுப்புச் சால்வை போர்த்திக்கொண்டு நின்றுகொண்டிருந்தாய். கையசைத்தேன். நீ அசையவில்லை. உன் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் வேலையாட்கள் பார்க்கிறார்கள். முளைக்கு முளை கட்டிய நூலை அந்த இடத்தில் மட்டும் யாரோ அவிழ்த்து, ஒழுங்காகச் சுருட்டி, ஓரமாக வைத்துவிட்டுப் போகிறார்கள். அதுவும் நீ என்றால், தயவுசெய்து வேண்டாம்.

உன் விண்ணப்பத்தைப் பிரபுவிடம் சொன்னேன். "ராட்ரே, என் சாப்பாட்டு அறை ஜன்னலிலிருந்து சவ ஊர்வலம் பாக்கணும்கிறீரா?" என்று சிரித்தார். மறுபடி கேட்க அது நேரமில்லை.

சாண்டர்ஸ் உன் ரொட்டியைப் புகழ்கிறார்.

பணிவுடன்,
ஆங்கஸ்

*

பால்னாரிக்
ஜூன் 24

தம்பிக்கு,

ஆசீர்வாதம். எனக்குச் சுகமில்லை. அதைத்தான் எழுதுகிறேன், கவனமாகப் படி.

மே மாதம் முதல் வாரத்தில் மாட்டுக்கொட்டிலில் சறுக்கி விழுந்தேன். முழங்கால் பூசணிக்காயாக வீங்கியது. அன்றிலிருந்து நேற்றுவரை படுக்கையை விட்டு நான் இறங்கவில்லை. எல்ஸ்பெத்துதான் தூக்கி உட்காரவைத்துக் கஞ்சி ஊட்டினாள். பாதிரியார் ஐயா வந்து பார்த்துவிட்டு, கூடவே என் நாக்கைப் பற்றியும் ஒரு ஜெபம் செய்துவிட்டுப் போனார். வேண்டுமானால் அவரைக் கேள்.

ஆற்றைத் தாண்டி வந்து உன் கோட்டில் நிற்க எனக்குக் கால் ஏது? என்னிடம் பழுப்புச் சால்வையும் கிடையாது. கறுப்புதான், என் வீட்டுக்காரர் செத்த நாளிலிருந்து.

உன் கடிதம் வந்ததும் சாண்டர்ஸைக் கூப்பிட்டுக் கேட்டேன். அந்த ஆள் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"ஏன்யா, என் தம்பி யாரைப் பாத்தான்?"

"எனக்கென்ன தெரியும் பெரியம்மா. நான் கல்லைப் பாக்கிற ஆளு."

"குழல் வழியா நீரும்தானே பாத்தீர்?"

"ஒரு வாட்டி பாத்தேன். அப்புறம் ஐயாவையே பாக்கச் சொல்லிட்டேன்."

"பொம்பளையா?"

"முதுகைக் காட்டிட்டு நின்னா எப்படிச் சொல்றது?" என்றார். பிறகு ரொட்டியைக் கீழே வைத்துவிட்டார். அவர் ரொட்டியைக் கீழே வைத்து நான் பார்த்ததே இல்லை, ஆங்கஸ்.

அது யாரென்று நான் சொல்லப்போவதில்லை. நீயே சொல். தலையை எந்தப் பக்கம் சாய்த்திருந்தாள், அம்மா சாய்ப்பாளே அந்தப் பக்கமா?

கிரிசல்

*

எடின்பரோ
ஜூலை 20

அன்புள்ள அக்கா,

நீ விழுந்தது தெரியாமல் அப்படி எழுதிவிட்டேன். வண்டிக்காரரிடம் ஒரு புட்டி தைலம் அனுப்புகிறேன், காலையும் மாலையும் தேய்.

கண்ணாடியில் ஏதோ கோளாறாக இருக்கும் என்று நினைத்துக் குழலைக் கழற்றி, துடைத்து, வேறு வில்லை போடக் கொடுத்திருக்கிறேன். சுண்ணாம்பு கப்பலில் வந்து இறங்கிவிட்டது. தூண்களுக்கு வெட்டும் கல் வெளிர் மஞ்சள், காலை வெயிலில் வெண்ணெய் மாதிரி இருக்கும்.

இதை எழுதவேண்டாம் என்றுதான் இருந்தேன். அந்தக் குழலில் எல்லாம் தலைகீழாகத் தெரியும், அக்கா. அதன் வில்லைகள் அப்படி. வானம் கீழே, மலை மேலிருந்து தொங்கும். எங்களுக்குப் பழகிவிட்டதால் மனமே அதைத் திருப்பிக்கொள்ளும். அவளைப் பார்த்தபோது ஏதோ வித்தியாசம் என்று மட்டும் பட்டது. எடின்பரோ திரும்பிப் படுத்த பிறகுதான் விளங்கியது. எல்லாம் தலைகீழாக இருக்க, அவள் மட்டும் நேராக நின்றாள்.

இன்னொன்று. பிரபுவுக்குக் காட்டப் பெரிய படம் ஒன்று வண்ணம் தீட்டச் சொன்னேன். அளவு விளங்குவதற்காக முகப்பின் முன்னால் ஒன்றிரண்டு சிறிய உருவங்கள் போடுவது வழக்கம்: குடையோடு ஒரு சீமாட்டி, ஒரு நாய். என் உதவியாளர் பால்னாரிக்கைக் கண்ணால் பார்த்ததில்லை. புல்வெளியின் நடுவில் சால்வை போர்த்திய ஒருத்தியை வரைந்து வைத்திருந்தார், முதுகு காட்டி. கேட்டால், "நீங்க சொன்ன மாதிரிதானே போட்டேன்?" என்கிறார். நான் சொல்லவில்லை. கத்தியால் சுரண்டச் சொன்னேன். அடுத்த பிரதியிலும் அவள் இருந்தாள்.

தூணின் அடிக்கட்டையோடு ஒப்பிட்டு அவள் உயரத்தைக் கணக்குப் போட்டேன். ஏன் போட்டேன் என்று தெரியவில்லை. அம்மா எவ்வளவு உயரம்?

ஆங்கஸ்

*

பால்னாரிக்
ஆகஸ்ட் 6

தம்பிக்கு,

தைலம் வந்தது. நாற்றம் தாங்கவில்லை, ஆனால் கேட்கிறது. இப்போது கோல் ஊன்றி வாசல்வரை போகிறேன். உனக்கு இருமல் எப்படி என்று நீ எழுதவில்லை. எழுதாவிட்டால் நின்றுவிட்டது என்று நான் நினைத்துக்கொள்ள வேண்டுமா?

அம்மா பழைய வீட்டு வாசலில் குனியாமல் நுழைவாள். நான் குனிய வேண்டும். அப்பா முட்டிக்கொண்டு திட்டுவார். அந்த வாசலை நீ எத்தனை தடவை அளந்து விளையாடினாய்! உன் கணக்கு சரியாக வந்திருக்கும், எனக்குத் தெரியும். என்னிடம் கேட்டது கணக்கைச் சரிபார்க்க இல்லை.

அம்மாவைக் கத்தியால் சுரண்டினாயா? படமோ, காகிதமோ, எதுவாக இருந்தால் என்ன. இனி ஒருதடவை அவள்மேல் கத்தி வைத்தால் நான் நொண்டிக்கொண்டே எடின்பரோ வருவேன்.

இத்தனை வருஷம் நான் வாயைத் திறக்காத ஒன்றை இப்போது கேட்கிறேன். பெரிய பிரபு கல்லறை வாசலை ஏன் பூட்டினார்? ஊரில் காய்ச்சல் என்றார்கள், இடம் போதவில்லை என்றார்கள். நான் நம் பழைய வீட்டு அடுப்படியில்தான் இருந்தேன், ஆங்கஸ். நீ ரோமுக்குப் போவதற்கு முந்திய குளிர்காலம். கரித்துண்டை எடுத்து மேசைப் பலகையில் கோபுரத்தைப் போட்டாய், மலையைப் போட்டாய், இரண்டுக்கும் நடுவே ஒரே இழுப்பில் ஒரு கோடு. அம்மா சூப்புப் பானையை இறக்கவந்து, "ஏண்டா, கோடு தேவாலயத்து மேல போகுதே?" என்றாள். "போனா என்னம்மா, அழகா இல்லையா?" என்றாய். அவளும் பார்த்து, "அழகாத்தாண்டா இருக்கு" என்றாள். மறுநாள் அதையே காகிதத்தில் போட்டுக் கோபுரத்துக்கு, பெரிய பிரபுவிடம் எடுத்துப் போனாய். வசந்தத்தில் அவர் தன் செலவில் உன்னை ரோமுக்கு அனுப்பினார். நீ போன மறு வருஷம் அம்மா செத்தாள், வாசலைப் பூட்டினார்கள்.

அந்த மேசையை நான் எவ்வளவு தேய்த்தும் கறை போகவில்லை. கடைசியில் அதைப் பிளந்து எரித்தேன்.

பதில் எழுது.

கிரிசல்

*

பால்னாரிக் காவற்குடில்
அக்டோபர் 11

அன்புள்ள அக்கா,

இரண்டு மாதமாக எழுதவில்லை. வேலை அதிகம். நான் உன் ஆற்றுக்கு இந்தப் பக்கம்தான் இருக்கிறேன், பூங்கா வாசலில் இருக்கும் காவற்குடிலில். எல்ஸ்பெத் பாலோடு உன் வெண்ணெயையும் கொண்டுவந்து தந்தாள். நான் மெலிந்துவிட்டேன் என்று உன்னிடம் சொல்லியிருப்பாள். இங்கே ஈரம் அதிகம், அவ்வளவுதான்.

சுவர்கள் எழும்பிவிட்டன. நான்கு தூண்கள் நின்றுவிட்டன. பிரபுவும் விருந்தாளிகளும் வந்து வாசற்படியில் நின்று, "என்ன அருமையான வெளி!" என்று வாய் ஓயாமல் சொன்னார்கள். அவர்கள் யாருக்கும் எதுவும் இடறவில்லை. நான் அவர்களுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். இப்போது எனக்குக் குழல் தேவைப்படுவதில்லை.

அவர்கள் சாப்பிடப் போன பிறகு கோட்டின்மேல் நடந்தேன். பட்டப்பகல், நல்ல வெயில். எங்கள் தொழிலில் முதல் பாடமே இதுதான்: நெருங்கினால் எதுவும் பெரிதாகும். நடக்க நடக்க ஆறு அகன்றது, மரங்கள் உயர்ந்தன. அவள் மட்டும் அதே அளவில் நின்றாள், என் கட்டைவிரல் உயரத்தில். புல்வெளியின் பாதியைத் தாண்டினேன். கற்கள் படுத்திருக்கும் மேட்டில் ஏறினேன். அப்போதும் கட்டைவிரல் உயரம்தான். எத்தனை நடந்தாலும் அவளிடம் போய்ச்சேர முடியாது என்று புரிந்தபோது நின்றுவிட்டேன்.

அவள் கால் மாற்றி நின்றாள், அக்கா. வலது காலிலிருந்து இடது காலுக்கு. மாவு அரைக்கும் இடத்தில் முறைக்காகக் காத்திருக்கும்போது செய்வாளே, அப்படி.

பிரபுவிடம் ஒரு யோசனை சொல்லியிருக்கிறேன். கோட்டுக்குச் சற்று ஓரமாக, தாழ்வாக, ஒரு கல்லறை மேடை. மேலே ஒரு கலசம். பூங்காவில் அப்படி ஒன்று வைப்பது இப்போது நாகரிகம். அவருக்குப் பிடித்துவிட்டது.

உன் கடிதம் வந்து சேர்ந்தது.

ஆங்கஸ்

*

பால்னாரிக்
அக்டோபர் 30

தம்பிக்கு,

கடிதம் வந்து சேர்ந்தது என்று எழுதியிருக்கிறாய். அதைப் படித்தாயா என்று எழுதவில்லை. சரி. இருக்கட்டும்.

நீ மெலிந்துவிட்டாய் என்று எல்ஸ்பெத் சொல்லவில்லை. "மாமா கைக்குட்டைய என் கண்ணுல படாம மடிச்சு மடிச்சு வச்சுக்கிறாரும்மா" என்றாள். நான் முட்டாள் இல்லை.

உன் கல்லறை மேடையைப் பற்றி. யாருக்காம்? கலசத்துக்குள் என்ன இருக்கும், காற்றா? வெறும் கல்லை வைத்து அம்மாவை ஏமாற்ற முடியாது. சந்தையில் வெறும் கூடையைக் காட்டியவனை அவள் விட்டதே இல்லை. உள்ளே ஆள் வேண்டும். ஊர் அறிய, மணி அடித்து, தோளில் தூக்கி வந்த ஆள்.

அந்த ஆள் நான்தான். கிழவி ஒருத்தியை உங்கள் நாகரிகக் கல்லுக்கு அடியில் போட்டால் நிஜக் கல்லறை ஆகிவிடும், விருந்தாளிகள் இன்னும் உருகுவார்கள் என்று பிரபுவிடம் சொல். அவரை அதிக நாள் காத்திருக்க வைக்கமாட்டேன். அம்மா கால் மாற்றி நிற்கிறாள் என்று நீ எழுதிய பிறகு எனக்குக் கஞ்சி இறங்கவில்லை.

பாலத்தைத் தாண்டினால் என் வீடு. சூப்பு வைத்திருக்கிறேன். வந்து குடி. உன்னோடு நான் பேசமாட்டேன், ஆனால் சூப்பு இருக்கும்.

கிரிசல்

*

பால்னாரிக் காவற்குடில்
டிசம்பர் 12

அக்கா,

சூப்புக்கு வரவில்லை. பாலம்வரை நடந்தால் திரும்பி நடக்க முடியும் என்று தோன்றவில்லை. நீ என்னைப் பார்க்காமல் இருப்பதும் நல்லதே. பார்த்தால் உன் கோபத்தில் கொஞ்சம் குறைந்துவிடும்.

பிரபு ஓர் அடக்கத்துக்குச் சம்மதித்துவிட்டார். ஒன்றே ஒன்று. எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டார். ஆனால் அது உனக்கு இல்லை. "வீட்டைக் கட்டியவர் அதன் முன்னாலேயே உறங்குகிறார்" என்று விருந்தாளிகளிடம் சொல்லலாம் என்பதில்தான் அவருக்கு ஆசை. "ஆனா அவசரப்பட்டுடாதீர் ராட்ரே, கூரை இன்னும் பாக்கி இருக்கு" என்றார். இருவரும் சிரித்தோம்.

கூரை வருஷக் கடைசிக்குள் முடியும். வைத்தியர் வேறு மாதிரி கணக்குச் சொல்கிறார்.

நீ ஒன்று கேட்டாய், நான் பதில் எழுதவில்லை. எழுத மாட்டேன். நான் இப்போது செய்யப்போவதே உனக்குப் பதிலாக இருக்கட்டும்.

நானும் ஒன்று கேட்கிறேன், இதுவரை உன்னிடம் கேட்டதில்லை. எனக்குப் பிறகு அங்கே யாரும் வரப்போவதில்லை. நான் நின்றுகொண்டே இருக்க வேண்டும். என்றைக்காவது, எப்படியாவது, நீ வந்து என்னை மாற்றிவிடுவாயா?

ஆம் அல்லது இல்லை என்று மட்டும் எழுது.

உன் தம்பி
ஆங்கஸ்

*

பால்னாரிக்
டிசம்பர் 20

ஆங்கஸ்,

இத்துடன் இரண்டு ஜோடி காலுறை, ஒரு ஜாடித் தேன், ஓட்ஸ் ரொட்டி, பொரித்த மீன். மீனை ஆறவிடாதே. காவற்குடிலின் புகைபோக்கியில் காக்கை கூடு கட்டியிருக்கும், கோல் விட்டுக் குத்தச் சொல். எரிக்கிற கரிமண் கட்டி ஈரமாக இருந்தால் அடுப்புக்குப் பக்கத்தில் அடுக்கிக் காயவை.

எங்கள் கறுப்புப் பசு கன்று போட்டிருக்கிறது. எல்ஸ்பெத்தின் பெரியவன் ஜெபப் புத்தகம் முழுவதும் தப்பில்லாமல் படிக்கிறான். சாண்டர்ஸ் என் வீட்டிலேயே நிரந்தரமாகத் தங்கிவிடுவார் போலிருக்கிறது.

ஒரு மாட்டுவண்டி அனுப்புகிறேன், இங்கே வந்து படு. அடுப்படிக் கட்டிலைக் காலிசெய்து வைத்திருக்கிறேன். நான் பேசுவேன்.

கிரிசல்

*

பால்னாரிக்
1792 மே 3

தம்பி ஆங்கஸுக்கு அக்கா எழுதுவது.

உடம்பு எப்படி இருக்கிறது என்று உன்னைக் கேட்க முடியாது. என் முழங்கால் பரவாயில்லை. எல்ஸ்பெத், குழந்தைகள், கன்று எல்லாரும் சுகம். இந்தக் கடிதத்தை எந்த வண்டிக்காரரும் எடுத்துப் போகமாட்டார். நானே கொண்டுவந்து கல்லிடுக்கில் செருகப்போகிறேன். மழை படிக்கட்டும்.

நான் வண்டி அனுப்பியபோது உன்னைத் தூக்கி வைக்க முடியவில்லை என்று வண்டிக்காரன் வெறுமையாகத் திரும்பி வந்தான். நானே புறப்பட்டேன். பாலத்தின்மேல் பனி உறைந்து கிடந்தது, எல்ஸ்பெத் விடவில்லை. இரண்டு நாள் கழித்துச் சாண்டர்ஸ் தொப்பியைக் கழற்றிக்கொண்டு வாசலில் வந்து நின்றார். கூரை முடிந்துவிட்டதா என்று கேட்டேன். "முடிஞ்சிட்டுது பெரியம்மா. கடைசி ஈயத்தகடு அடிச்ச சத்தம் கேட்டாரு" என்றார்.

மணி அடித்தோம். ஆற்றுக்கு இந்தப் பக்கத்து ஆட்கள் எல்லாரும் வந்தார்கள், உன்னைத் திட்டியவர்களும்தான். உன் பெட்டி மெல்லிசு, ஆனாலும் ஆளாளுக்குத் தோள் கொடுத்தார்கள். பாதிரியார் சுருக்கமாக முடித்தார். பிரபு ஜன்னலில் நின்று பார்த்தார். பார்க்கட்டும். நான் பெண்பிள்ளை, கல்லறைவரை வருவது வழக்கமில்லை என்றார்கள். வந்தேன்.

நீ இறங்கியதும் எனக்குக் கண்ணில் எதுவும் தெரியவில்லை. அம்மாவை நான் ஒருநாளும் பார்த்ததில்லை, ஆங்கஸ். அவ்வளவு வருஷமும், ஒருதடவைகூட. உனக்குத்தான் தெரிந்தாள். அதற்கும் சேர்த்துத்தான் உன்மேல் கோபம்.

போன வாரம் சாண்டர்ஸ் வாசற்படிக்குக் கடைசி மட்டம் பார்த்தார். வீட்டுக்கு வந்து ரொட்டியைத் தொடாமல் உட்கார்ந்திருந்தார்.

"என்னய்யா?"

"அந்தப் பாட்டியம்மா இல்ல."

"போயிட்டாளா?"

"போயிட்டாங்க. ஐயா நிக்கிறாரு."

நான் உடனே கோலை எடுத்தேன். எல்ஸ்பெத் கத்தினாள், சாண்டர்ஸ் என்னைத் தாங்கிக்கொண்டு வந்தார். உன் வாசற்படியில் ஏறினேன். நல்ல வீடுதான் கட்டியிருக்கிறாய். அதை நான் வேறு யாரிடமும் சொல்லமாட்டேன். குழலில் கண்ணை வைத்தேன். மலை மேலேயிருந்து தொங்கியது, தலை சுற்றியது. சாண்டர்ஸ், "கோட்டுல தேடாதீங்க பெரியம்மா, கொஞ்சம் இடது பக்கம்" என்றார்.

இருந்தாய். தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, நேராக. கோட்டின்மேல் நிற்கவில்லை. ஓர் எட்டு ஒதுங்கி நின்றாய், உன் மலையை மறைக்காமல். செத்த பிறகும் உனக்கு அதுதான் கவலை! வாசலிலிருந்து உச்சிவரை துடைத்து வைத்தாற்போல் கிடந்தது. அம்மா சொன்னது சரிதான், அழகாகத்தான் இருக்கிறது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடிக்கும்வரை சாண்டர்ஸ் என்னை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார்.

நீ கேட்டதற்கு இப்போது பதில் எழுதுகிறேன்.

வருவேன். பிரபு விடமாட்டார் என்பாய். அவர் தின்பதைப் பார்த்தால் எனக்கு முன்னால் போய்விடுவார், அவர் மகனிடம் நான் பேசிக்கொள்கிறேன். ஆனால் இப்போது வரமாட்டேன். அம்மா எத்தனை வருஷம் நின்றாளோ அத்தனை வருஷமும் நீ நிற்க வேண்டும், ஒரு குளிர்காலம்கூடக் குறையக் கூடாது. அதற்கு முன்னால் சாகிற உத்தேசம் எனக்கு இல்லை. நேற்றிலிருந்து கஞ்சியை இரண்டு கிண்ணமாகக் குடிக்கிறேன்.

அதுவரை உன்னை மன்னிக்காமல் இருக்கும்,
அக்கா கிரிசல்